அடக்கப்பட்ட பரம்பரையலகும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கலத்தின் வளர்ச்சியும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பையின் உட்சுவரை மூடியிருக்கும் மேலணி இழையத்தில் தோன்றுகின்றன. பை நிரம்பும்போது விரிந்தும் வெறுமையாகும்போது சுருங்கியும் கொடுக்கும் இந்த மேலணி, உடலில் உள்ள மிக இறுக்கமான தடுப்புகளுள் ஒன்று. வெளியேறவேண்டிய கழிவு மீண்டும் இரத்தத்துக்குள் கசிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதனாலேயே அக்கழிவுகளோடு மணிக்கணக்காக ஒட்டிக்கிடக்க வேண்டிய நிலையும் அதற்கு உண்டு. புகையிலைப் புகையில் உள்ள அரோமற்றிக் அமைன்கள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, ஈரலில் உருமாறி, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, கடைசியில் இங்கேதான் வந்து தங்குகின்றன. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்நோய் அதிகம் காணப்படுவதை ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895 இலேயே எடுத்துச் சொன்னார். இன்று முதற்பெரும் காரணம் புகைத்தல். 2022 இல் உலகெங்கும் ஏறக்குறைய 6 இலட்சத்து 14 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்தனர். நோயாளிகளில் நால்வரில் மூவர் ஆண்கள்.

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவது. வலி இல்லை என்பதுதான் சிக்கல். ஒரு நாள் சிவந்து போகும், மறுநாள் தெளிந்துவிடும். இலங்கையில் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதை ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி, இளநீரோ வெந்தயத் தண்ணீரோ குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து கம்பளைக்கும் அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் போய்ச் சேர்வதற்குள் நாள் கடந்துவிடுவதும் உண்டு. கண்டறியப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூன்று கட்டிகள் பையின் தசைக்குள் இறங்காத நிலையிலேயே இருக்கின்றன. சிறுநீர்வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ அது திரும்பத் திரும்ப முளைக்கிறது. இந்தக் கலங்கள் ஏன் இப்படி வளர்கின்றன, வளர்ச்சிக்குக் கட்டளையிடும் பரம்பரையலகை, அதாவது மரபணுவை, அடக்கிவிட்டால் வளர்ச்சி நிற்குமா என்ற கேள்வி இந்த நோயில் அவ்வளவு அழுத்தமாக எழுவதற்கு இதுவே காரணம்.

கேள்வியின் முதற்பாதிக்கு விடை கிடைத்த இடமும் சிறுநீர்ப்பைதான். 1970 இல் சுவீடனில் 81 வயதுப் பெண்ணொருவரின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட கலவரிசைக்கு ரி-24 என்று பெயர். உலகத்து ஆய்வுகூடங்களில் அது இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது. 1982 இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக்குழுக்கள், ஒன்றுக்கொன்று சில வார இடைவெளியில், ஒரே முடிவை அறிவித்தன. ரொபர்ட் வைன்பேர்க்கின் குழு ஒன்று, மைக்கல் விக்லரின் குழு மற்றொன்று. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மரியானோ பார்பசிட்டின் குழு மூன்றாவது. அதன் கட்டுரையில் முதற்பெயராக நின்றவர் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரேம்குமார் ரெட்டி. எச்-ராஸ் என்னும் பரம்பரையலகில் பன்னிரண்டாம் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகளில் நடுவெழுத்து மட்டும் மாறியிருந்தது. கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வலைன் வந்திருந்தது. ராஸ் புரதம் வளர்ச்சிக் கட்டளை வரும்போது விழித்து, வேலை முடிந்ததும் தானே அடங்கவேண்டியது. இந்த ஓரெழுத்து மாற்றம் அதை அடங்கவிடாமல் செய்தது. மனிதப் புற்றுநோய் ஒன்றின் பின்னால் இருந்த விகாரம் எழுத்தளவில் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

அந்த முடிவு பரபரப்போடு பேசப்பட்டபோது ஒரு விவரம் பின்னுக்குப் போய்விட்டது. மாறிய எச்-ராசைச் செலுத்திச் சோதித்த எலிக்கலங்கள் ஏற்கெனவே முடிவின்றிப் பெருகும் இயல்பைப் பெற்றிருந்தவை. புத்தம்புதிய சாதாரணக் கலத்தில் அந்த ஒரு மாற்றம் மட்டும் போதாது. ரி-24 இலும் வேறு பல பழுதுகள் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே ஒரு பரம்பரையலகை அடக்குவதால் என்ன நடக்கும் என்பதை ஊகத்தால் சொல்லிவிட முடியாது, அடக்கித்தான் பார்க்கவேண்டும். 1982 இல் அதற்கு எளிய வழி இருக்கவில்லை.

வழி கிடைத்தது ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள உருளைப்புழுவொன்றிடமிருந்து. அது மண்ணில் வாழ்வது. அன்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும் அதன் தசைப் பரம்பரையலகு ஒன்றுக்கு ஒத்த ஆர்.என்.ஏ.யைப் புழுவுக்குள் ஏற்றினர். ஒற்றை இழையாக ஏற்றியபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரு இழைகளையும் சோடியாக ஏற்றியபோது அதன் குஞ்சுகள் துடிதுடித்தன. அந்தப் பரம்பரையலகே பழுதான புழுக்கள் துடிக்கும் அதே துடிப்பு. 1998 இல் வெளியான அந்தக் கட்டுரைக்கு 2006 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மனிதக் கலத்துக்குள் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினால், வைரசு புகுந்துவிட்டதென்று எண்ணி அது இன்டபெரோனைச் சுரந்து தன் புரத உற்பத்தியையே நிறுத்திக்கொள்ளும். 2001 இல் ஜேர்மனியில் தோமஸ் துஷ்லின் குழு இந்தத் தடையைத் தாண்டியது. 21 எழுத்து நீளத்துக்கு நறுக்கிய சிறு துண்டுகளைச் செலுத்தினால் அந்த எச்சரிக்கை எழுவதில்லை, அடக்கல் மட்டும் நடக்கிறது என்று அது காட்டியது. குறுந்தலையீட்டு ஆர்.என்.ஏ. என்று வழங்குவது இந்தத் துண்டுகளைத்தான்.

கலத்துக்குள் நடப்பது இது. கருவில் இருக்கும் டி.என்.ஏ.யிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டுக் குழியவுருவுக்கு வருகிறது. அதைப் படித்து இறைபோசோம்கள் புரதம் செய்கின்றன. குறுந்துண்டு உள்ளே வந்ததும் ஆர்கோனோட் என்னும் புரதம் அதைப் பற்றிக்கொண்டு, இரண்டு இழைகளில் ஒன்றைக் கழித்துவிட்டு, மற்றதை வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறது. அந்த வழிகாட்டி இழைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ. எதிர்ப்படும்போதெல்லாம் ஆர்கோனோட் அதை நடுவே வெட்டுகிறது. தூது அறுந்தால் புரதம் இல்லை. ஆனால் டி.என்.ஏ.க்கு ஒன்றும் ஆவதில்லை. கொழுந்தைப் பறித்தாலும் தேயிலைச்செடி நிற்பது போலப் பரம்பரையலகு அப்படியே இருக்கிறது. சில நாளில் புதிய தூதுகள் தளிர்க்கின்றன. செடியையே வேரோடு பிடுங்குவதற்கு நிகரான முறை, 2012 இல் வந்த கிறிஸ்பர். இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

பத்திரிகைச் செய்தியில் ‘மரபணுவை அடக்கினார்கள், புற்றுநோய் வளர்ச்சி குறைந்தது’ என்று ஒரே வரியில் வந்துவிடும் சோதனை, ஆய்வுகூட மேசையில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பிளாத்திக்குத் தட்டின் குழிகளில் இளஞ்சிவப்பு ஊடகத்தில் புற்றுக்கலங்கள் தரையோடு ஒட்டி வளர்கின்றன. 37 பாகை வெப்பம், 5 சதவீதக் காபனீரொட்சைட்டு. குறுந்துண்டு தானாகக் கலத்துக்குள் போகாது. அதன் மின்னேற்றமும் பருமனும் கலமென்சவ்வைத் தாண்டவிடா. ஆகவே நேரேற்றம் கொண்ட கொழுப்புக் கோளங்களில் பொதிந்து ஊற்றுகிறார்கள். பக்கத்துக் குழிகளில், எந்தப் பரம்பரையலகோடும் பொருந்தாதபடி எழுத்துகளைக் குலைத்து அமைத்த துண்டை ஊற்றுகிறார்கள். கொழுப்புக் கோளமே கலத்துக்கு ஓரளவு நஞ்சு; அதன் விளைவைக் கழித்துப் பார்க்க அந்தக் குழிகள் இல்லாமல் முடியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு குறைந்தது என்றும், பிறபொருளெதிரியைக் கொண்டு புரதம் எவ்வளவு குறைந்தது என்றும் தனித்தனியே அளக்கிறார்கள். தூது சட்டென்று குறைந்தாலும் ஏற்கெனவே செய்துவைத்த புரதம் நாட்கணக்கில் இருக்கக்கூடும். புரதத்தைப் பார்க்காமல் எழுதிய கட்டுரையை நம்புவது கடினம்.

அதன்பின் வளர்ச்சி. ‘வளர்ச்சி குறைந்தது’ என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கின்றன: கலங்கள் பிரிவதை நிறுத்தியிருக்கலாம், செத்துப்போயிருக்கலாம், அல்லது உயிரோடிருந்தும் சோர்ந்திருக்கலாம். மிகப் பரவலாகச் செய்யப்படும் எம்.ரி.ரி. சோதனையில் ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்றுகிறார்கள். உயிருள்ள கலங்கள் அதை ஊதா நிறப் பளிங்குகளாக மாற்றும். அந்த ஊதாவின் கடுமையை ஒளியளவியால் படிக்கிறார்கள். அங்கே அளக்கப்படுவது கலங்களின் எண்ணிக்கை அல்ல, அவற்றின் அனுசேப வேகம். சோர்ந்த ஆயிரம் கலமும் துடிப்பான ஐந்நூறு கலமும் ஒரே நிறத்தைத் தரக்கூடும். ஆகவே கவனமுள்ள ஆய்வாளர் அதோடு நிற்பதில்லை. சில நூறு கலங்களை மட்டும் பரவலாக விதைத்து, பத்துப் பதினைந்து நாள் விட்டு, ஊதாச் சாயமிட்டு, எத்தனை கூட்டங்கள் எழுந்தன என்று எண்ணுகிறார். டி.என்.ஏ.க்குச் சாயமேற்றி, பிரிவுச் சக்கரத்தின் எந்தப் படியில் கலங்கள் தேங்கி நிற்கின்றன என்று பார்க்கிறார். தரையில்லாத மென்மையான ஏகாரில் வளர்கின்றனவா என்பது அடுத்த பரீட்சை. சாதாரண மேலணிக் கலம் ஒட்டிக்கொள்ளத் தரையில்லாமல் பெருகாது, புற்றுக்கலம் பெருகும்.

இந்த வழியில் மிக நன்றாக ஆராயப்பட்டவற்றுள் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் பரம்பரையலகு முதன்மையானது. கலமென்சவ்வில் நின்று வளர்ச்சிக் காரணிகளை ஏற்கும் வாங்கிப் புரதத்தை அது தருகிறது. தசைக்குள் இறங்காத, தாழ்தரச் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது விகாரமடைந்திருக்கிறது. 2007 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மார்கரெட் நோல்ஸின் குழு, அந்த விகாரமுள்ள கலவரிசையில் அதை அடக்கிப் பார்த்தது. பெருக்கம் குறைந்தது, ஏகாரில் கூட்டம் அமைக்கும் திறனும் தாழ்ந்தது. 2009 இல் ஜெனென்டெக் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். அடக்கும் துண்டை ஆர்.ரி.112 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுக்கலங்களுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்து, டொக்சிசைக்கிளின் என்ற பழைய அன்ரிபயோட்டிக் கொடுத்தால் மட்டும் அது வேலைசெய்யும்படி அமைத்தனர். மருந்து கொடுத்தபோது தட்டில் கலங்களின் பிரிவு தடைப்பட்டது. எலிகளில் வளர்ந்த கட்டிகளும் தெளிவாகத் தளர்ந்தன. ஒரே கலம், ஒரே எலியினம், மருந்து உண்டு அல்லது இல்லை என்ற ஒரேயொரு வேறுபாடு: சோதனையின் அழகு அதில்தான் இருக்கிறது.

எல்லாப் பரம்பரையலகுகளும் ஒரே விதமாக அடங்குவதில்லை. வளர்ச்சிக் கட்டளையைத் தரும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 அடங்கும்போது கலம் பிரிவுக்கு முந்தைய படியில் நின்றுவிடுகிறது. பி.எல்.கே.1 அடங்கும்போது நடப்பது வேறு. அது இழையுருப்பிரிவின்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் கதிரைச் சரியாக அமைக்கும் புரதம். அது இல்லாவிட்டால் கலம் பிரிவைத் தொடங்கிவிட்டு முடிக்கமுடியாமல் தவித்து, கடைசியில் சாகிறது. 2005 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சிறுநீர்ப்பையில் மனிதப் புற்றுக்கலங்களை ஏற்றிய எலிகளுக்கு, பி.எல்.கே.1 ஐ அடக்கும் குறுந்துண்டைக் கொழுப்புக் கோளங்களில் பொதிந்து சிறுநீர்வழியாகவே பைக்குள் செலுத்தினர். கட்டிகள் வளரவில்லை. உடலின் இரத்தவோட்டத்தையே தொடாமல் பையினுள்ளே நேரடியாக அடக்கலாம் என்று காட்டிய சோதனை அது. பக்கத்து உறுப்பான புரொஸ்டேட்டில், 2002 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு ஈ.இசட்.எச்.2 என்ற பரம்பரையலகை இதே முறையில் அடக்கி, கலப்பெருக்கம் குறைவதைக் காட்டியிருந்தது. குறுந்துண்டு முறை மனிதக் கலங்களுக்கு வந்து ஓராண்டு கழிந்திருந்த காலம்.

அடக்குவது எப்போதும் நல்லது என்று கொள்வதும் தவறு. சில பரம்பரையலகுகள் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துபவை. அவற்றைப் புற்றுக்கலமே அடக்கிவைத்திருக்கிறது. ரி-24 கலத்தில் பி-16 என்ற பரம்பரையலகுக்கு விகாரமில்லை, எழுத்துப்பிழை எதுவுமில்லை. அதன் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கமுடியாமல் செய்திருக்கின்றன. கலிபோர்னியாவில் பீற்றர் ஜோன்ஸின் குழு 1990களில் மெதைலேற்றத்தைத் தடுக்கும் மருந்தொன்றை இந்தக் கலங்களுக்குக் கொடுத்தது. பி-16 மீண்டும் விழித்தது. கலங்களின் வளர்ச்சி தளர்ந்தது. மருந்தை நிறுத்தியபின்னும் பல நாட்களுக்கு அந்தத் தளர்ச்சி தொடர்ந்தது. ஆக ஒரே கலத்துக்குள் ஒன்றை அடக்கவும் மற்றொன்றை எழுப்பவும் வேண்டியிருக்கிறது. எதை அடக்குவது என்று தெரியாமல் அடக்கினால் கட்டி இன்னும் வேகமாக வளரவும் கூடும்.

இந்தத் துறையின் மெலிவான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு பரம்பரையலகை எடுத்து, ஏதோ ஒரு புற்றுக்கலத்தில் அடக்கி, வளர்ச்சி குறைந்தது என்று முடிக்கும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்துள்ளன. சிட்னியைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வாளர் ஜெனிபர் பேர்ன், தாம் பல ஆண்டுகளாக ஆராய்ந்த பரம்பரையலகொன்றைப் பற்றித் திடீரென்று ஒரே அச்சில் வார்த்ததுபோல் கட்டுரைகள் வருவதைக் கவனித்தார். படங்களும் சொற்களும் ஒத்திருந்தன. கட்டுரைகளில் அச்சிட்டிருந்த 21 எழுத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக மனித மரபுத்தொகுதியோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. எதையும் அடக்காது என்று சொல்லி ஒப்பீட்டுக்கு வைத்த துண்டு ஒரு மனிதப் பரம்பரையலகை அடக்கக்கூடியதாக இருந்தது. அடக்குவதாகச் சொன்ன துண்டுகள் சில, சொன்ன இலக்கோடு பொருந்தவே இல்லை. 2017 இல் அவர் இதை வெளியிட்டார். பிழையான துண்டுகளைத் தேடிப் பிடிக்கும் கணினி நிரலொன்றையும் பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லாபேயோடு சேர்ந்து உருவாக்கினார். பல கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. எழுதியபடி செய்திருந்தால் கிடைத்திருக்கவே முடியாத முடிவுகள் அவற்றில் அழகான வரைபடங்களாக நின்றன.

நேர்மையான சோதனையும் வழுக்கக்கூடும். வழிகாட்டி இழையின் தொடக்கத்திலுள்ள ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே வேறு தூதுகளும் ஓரளவு குறைந்துவிடுகின்றன. கலம் செத்தது இலக்கு அடங்கியதாலா, கேளாமல் அடங்கிய வேறொன்றாலா என்ற சந்தேகம் அப்போது எழும். அதனால்தான் ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு இடங்களைக் குறிவைத்து இரண்டு மூன்று துண்டுகளைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். துண்டு பிடிக்கமுடியாதபடி எழுத்தை மாற்றிய, ஆனால் அதே புரதத்தைத் தரும் பிரதியொன்றைக் கலத்துக்குக் கொடுத்து, வளர்ச்சி மீள்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மீண்டால் சந்தேகம் தீரும். இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் மெல்க் என்ற பரம்பரையலகின் கதை நடந்தது. குறுந்துண்டுகளால் அடக்கியபோது மார்பகப் புற்றுக்கலங்கள் வளராததால் அது சிறந்த இலக்கென்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அதற்கெதிரான மருந்து மனிதச் சோதனைக்கும் போனது. 2017 இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்தில் ஜேசன் ஷெல்ற்சரின் குழு கிறிஸ்பரால் அதை அடியோடு நீக்கியது. கலங்கள் வழக்கம்போலப் பெருகின. மெல்க் இல்லாத கலங்களையும் அந்த மருந்து கொன்றது.

கலத்தின் அடையாளமே தவறிய சம்பவமும் உண்டு. 1990 இல் ஜப்பானில், சிசுவொன்றின் தொப்புள்கொடி இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து வந்ததாகச் சொல்லி ஈ.சி.வி.304 என்ற கலவரிசை அறிமுகமானது. பல ஆய்வுகூடங்கள் இரத்தக்குழாய் பற்றிய ஆய்வுக்கு அதைப் பயன்படுத்தின. 1999 இல் டி.என்.ஏ. கைரேகை எடுத்துப் பார்த்தபோது அது ரி-24 ஆகவே இருந்தது. சுவீடனிலிருந்து வந்த அந்தச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கலம் எங்கோ ஒரு தட்டில் கலந்து, மெதுவாக வளர்ந்த கலங்களைத் தாண்டிப் பெருகிவிட்டிருந்தது.

தட்டிலிருந்து நோயாளிக்கு வருவது அடுத்த மலை. குறுந்துண்டு மருந்தாகாது என்ற நிலை இப்போது இல்லை. 2018 இல் முதல் மருந்தான பட்டிசிரான் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் கற்ற முத்தையா மனோகரன் அல்நைலம் நிறுவனத்தில் முன்னின்று உருவாக்கிய வழியில், குறுந்துண்டின் நுனியில் கல்நாக் என்ற சர்க்கரையைப் பிணைக்கிறார்கள். ஈரற்கலங்களின் மேல் அந்தச் சர்க்கரையைப் பற்றும் வாங்கிகள் நிறைய இருப்பதால் மருந்து நேரே ஈரலுக்குப் போய்விடுகிறது. 2019 இல் கிவோசிரானில் தொடங்கி இந்த வகையில் பல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அவை எல்லாம் ஈரலுக்கு உரியவை. சிறுநீர்ப்பை மேலணியில் அப்படியொரு வாசல் இல்லை.

வேறொரு வசதி அங்கே இருக்கிறது. சிறுநீர்ப்பை வெற்றுப் பை. குழாய் வழியே மருந்தை நேரே ஊற்றலாம். 1976 இல் கனடாவின் அல்வாரோ மொராலெஸ் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை அப்படி ஊற்றி, கட்டி திரும்ப வருவதைக் குறைக்கலாம் என்று காட்டினார். இலங்கையில் பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் அதே பி.சி.ஜி.தான், அதிக அளவில். நோயாளி அதை இரண்டு மணிநேரம் அடக்கிவைத்திருந்து பின் வெளியேற்றுகிறார். குறுந்துண்டுக்கு அந்த இரண்டு மணிநேரம் போதுமா என்பதே கேள்வி. ஊற்றியது சிறுநீரோடு கலந்து நீர்த்துப்போகிறது. மேலணியின் மேல் வழுவழுப்பான சர்க்கரைப் படலம் இருக்கிறது. அதற்குக் கீழே குடைக்கலங்கள் நெருக்கமாகப் பின்னி நிற்கின்றன. உடலைக் காக்கும் அதே இறுக்கம் மருந்தையும் மறிக்கிறது. இந்தத் தடையைத் தாண்டமுடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2022 டிசம்பரில் அமெரிக்கா அங்கீகரித்த நடோஃபராஜீன் என்ற மருந்து, இன்டபெரோன் பரம்பரையலகை ஒரு அடினோவைரசில் ஏற்றி, மேலணியை ஊடுருவ உதவும் துணைப்பொருளோடு பைக்குள் ஊற்றப்படுகிறது. அது ஒன்றையும் அடக்குவதில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுசேர்க்கிறது.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அங்கீகாரம் பெற்ற குறுந்துண்டு மருந்து இதுவரை எதுவும் இல்லை. என்றாலும் அடக்கல் சோதனைகள் வீண்போகவில்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 ஐ அடக்கியபோது கலங்கள் தளர்ந்ததால்தான் அந்தப் புரதம் தாக்கத்தக்கது என்ற துணிவு வந்தது. அதன் வேலையைத் தடுக்கும் எர்டாஃபிட்டினிப் என்ற வில்லை 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது; முற்றிய நிலைக்கு வந்த, இந்தப் பரம்பரையலகிலோ அதற்கு உறவான எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 இலோ மாற்றம் உள்ள நோயாளிகளுக்கு மட்டும். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க, சுரண்டி எடுத்த கட்டியின் துண்டில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாகவேண்டும். சத்திரசிகிச்சைக்குப்பின் நோயியல் ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்துவைக்கும் அந்த இழையத் துண்டிலிருந்தே டி.என்.ஏ.யையும் ஆர்.என்.ஏ.யையும் பிரித்தெடுக்கலாம்.